‘ஐயமில்லை’ என்ற சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈராக் போர் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘புஷ்ஷும் பிளேரும் தெரிந்தே பொய் சொன்னார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அன்று ஏறத்தாழ எல்லோருமே நம்பினார்கள். போரை எதிர்த்த நாடுகளின் உளவுத்துறைகளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பிற்பாடு அமெரிக்காவில் நடந்த விசாரணைகள், உளவு அதிகாரிகளை அரசியல்வாதிகள் நெருக்கியதற்குச் சான்று இல்லை என்றே சொல்லின. உளவுத்துறை தவறியது, தலைவர்கள் அதை நம்பினார்கள், அவ்வளவுதான். பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட பாண்டியனை ஆராயாதவன் என்போம்; பொய்யன் என்போமா? அடுத்தவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் ஒரு பாதி சரி. ஆயுதம் இல்லை என்று தெரிந்துகொண்டே இருக்கிறது என்றார்கள் என்று பொருள்படும்படி நான் எழுதியது தவறு. ஈராக்கில் ரசாயன ஆயுதமாவது கிடக்கும் என்று அவர்கள் மனதார நம்பியிருக்கலாம். ஆயுதங்களைத் தேடிப்போன ஐ.நா. குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸே தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தார். அந்த வரியைத் திருத்திவிட்டேன்.

ஆனால் அவர்கள் மக்களிடம் ‘இருக்கலாம் என்று நினைக்கிறோம்’ என்று சொல்லவில்லையே. 2002 ஆகஸ்ட் 26 அன்று நாஷ்வில் நகரில் முன்னாள் ராணுவத்தினர் முன்னிலையில் பேசிய துணை அதிபர் டிக் செனி, சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பதில் ஐயமே இல்லை என்றார். பொய் அங்கேதான் இருக்கிறது. ஆயுதத்தைப் பற்றியதல்ல, தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பற்றிய பொய். அதைக் கண்டுபிடிக்க யார் மனத்துக்குள்ளும் புக வேண்டாம். அவர்கள் மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தால் போதும். அவற்றில் பல இப்போது வெளியாகிவிட்டன.

அதே பேச்சில் செனி சதாமின் மருமகனைச் சாட்சிக்கு அழைத்தார். ஹுசேன் காமில் 1995-இல் ஜோர்டானுக்குத் தப்பி ஓடி, ஈராக்கின் ஆயுதத் திட்டங்களைப் பற்றி ஐ.நா. ஆய்வாளர்களிடம் விரிவாகச் சொன்னவர். ஆயுதங்கள் அனைத்தும் தன் ஆணைப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்பதும் அவர் சொன்னவற்றில் அடக்கம். மறு ஆண்டே அவர் நாடு திரும்பிக் கொல்லப்பட்டார். சாட்சி சொன்னதில் பாதியை மட்டும் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

அலுமினியக் குழாய்களைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பாருங்கள். ஈராக் வெளிநாட்டிலிருந்து வாங்க முயன்ற குழாய்கள் அவை. குறுக்களவு 81 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு காப்பி டம்ளரின் வாய் அளவு. நீளம் 900 மில்லிமீட்டர், அதாவது இரண்டு முழம். யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழலிகளுக்காகத்தான் இவை என்றது சி.ஐ.ஏ. சுழலிகளைக் கட்டி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் எரிசக்தித் துறையின் வல்லுநர்கள். அவர்கள் 2001-இலேயே மறுத்தார்கள். சுவர் மிகவும் கனம், அகலம் போதாது, மேலே இருக்கும் பூச்சு சுழலிக்கு ஆகாது என்றார்கள். ஈராக் ஏற்கெனவே செய்துவந்த 81 மில்லிமீட்டர் ராக்கெட்டின் குழாயோடு உலோகம், நீளம், அகலம் எல்லாமே பொருந்தின. இவ்வளவுக்குப் பிறகு, 2002 செப்டம்பர் 8 அன்று தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கொண்டலீசா ரைஸ் தொலைக்காட்சியில் தோன்றி, இந்தக் குழாய்கள் அணு ஆயுதத் திட்டத்துக்கு மட்டுமே உண்மையில் பொருந்தும் என்றார். சான்று அணுகுண்டின் காளான் மேகமாக வந்து நிற்கும்வரை காத்திருக்க முடியாது என்றும் சொன்னார். கேட்டவர்கள் நடுங்கிப்போனார்கள். வல்லுநர்களின் மறுப்பைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாதது. அமெரிக்க உளவு அமைப்புகள் அனைத்தும் சேர்ந்து ஈராக்கைப் பற்றி ஒரு ரகசிய மதிப்பீட்டைத் தயாரித்தன. ‘நாங்கள் கருதுகிறோம்’ என்ற சொற்கள் அதில் அடிக்கடி வந்தன. அணு ஆயுத விஷயத்தில் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு தன் மறுப்பைப் பதிவு செய்திருந்தது. ஆளில்லா விமானங்கள் கிருமிகளைத் தூவுவதற்கானவை என்பதை விமானப்படை ஏற்கவில்லை. சில நாட்களில் மக்களுக்கென்று ஒரு வெள்ளையறிக்கை வந்தது. அதில் ‘நாங்கள் கருதுகிறோம்’ வெட்டப்பட்டிருந்தது. மறுத்த துறைகளின் பெயரும் இல்லை. கருத்தாக இருந்தது தகவலாகிவிட்டது. ஒரு சொற்றொடரை நீக்கினால் வாக்கியம் எப்படி மாறும் என்பது எழுதிப் பிழைக்கிற எனக்குத் தெரியும். அது கைதவறி நடக்கிற காரியம் இல்லை. அடுத்த வாரமே நாடாளுமன்றம் போருக்கு அதிகாரம் அளித்து வாக்களித்தது.

பாண்டியனைச் சொன்னீர்கள். அந்தக் கதையை இன்னொரு முறை படியுங்கள். கோவலனைக் கொல்லப் போன காவலர்களே அவன் தோற்றத்தைப் பார்த்து, இவன் கொலைப்பட வேண்டியவன் அல்லன் என்றார்கள். பொற்கொல்லன் சிரித்து, கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அவர்கள் வாயை அடைத்தான். ஐயம் எழுந்தது, ஆனால் அரண்மனைக்கு வந்து சேரவில்லை. மன்னனிடம் அது வந்தது கண்ணகி வடிவில்தான். அன்றே அவன் உயிர் போயிற்று.

வாஷிங்டனில் ஐயம் அரண்மனைக்கே போயிற்று. நைஜர் நாட்டிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றது என்ற வரியை 2002 அக்டோபரில் அதிபர் பேச இருந்த சின்சினாட்டி உரையிலிருந்து சி.ஐ.ஏ. எடுக்கச் சொன்னது. வெள்ளை மாளிகைக்குக் குறிப்புகள் போயின, சி.ஐ.ஏ. தலைவர் ஜார்ஜ் டெனட்டே பேசினார். வரி எடுக்கப்பட்டது. 2003 ஜனவரி 28 அன்று அதே குற்றச்சாட்டு, பிரிட்டிஷ் அரசு அறிந்திருப்பதாகச் சொல்லி, புஷ்ஷின் ஆண்டு உரையில் திரும்பி வந்தது. அதற்கு ஆதாரமாகச் சுற்றிய ஆவணங்களைப் பன்னாட்டு அணுசக்தி முகமை கையில் வாங்கிப் பார்த்தது. 2000-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு கடிதத்தில், 1989-இலேயே பதவியிழந்துவிட்ட ஓர் அமைச்சரின் பெயரில் கையெழுத்து. மார்ச் 7 அன்று முகமையின் தலைவர் எல்பராடேய் பாதுகாப்பு மன்றத்தில் அவை உண்மையான ஆவணங்கள் அல்ல என்று அறிவித்தார்.

விசாரணைகளைப் பற்றி ஒன்று. நீங்கள் குறிப்பிடுகிறவற்றில் ஒன்றான, புஷ் அமைத்த குழுவுக்கு, உளவுத் தகவலைத் தலைவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று ஆராய அதிகாரமே தரப்படவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உளவுக் குழு அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்து 2008-இல்தான் பதில் சொன்னது. சில பேச்சுகளுக்கு உளவுத் தகவலில் ஆதாரம் இருந்தது என்று அந்த அறிக்கை ஒப்புக்கொள்கிறது, மறைக்கவில்லை. ஆனால் துறைகளுக்குள் இருந்த கருத்துவேறுபாடுகள் மக்களுக்குச் சொல்லப்படவில்லை என்கிறது. சதாமுக்கும் அல்கொய்தாவுக்கும் கூட்டு என்பது போன்ற பேச்சுகளுக்கு உளவுத் தகவலில் ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது.

2003 பிப்ரவரி 5 இரவு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் பேசியதை நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் ஒரு சின்னக் குப்பி. பின்னால் டெனட். நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்களின் படங்களைத் திரையில் காட்டினார். நான் நம்பினேன். அந்த மனிதரின் முகத்தை நம்பினேன். அந்தக் கூடங்களுக்கு முக்கிய ஆதாரம், ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்திருந்த ஓர் ஈராக்கியப் பொறியாளர். ‘கர்வ்பால்’ என்பது அவருக்கு உளவுத்துறை வைத்த பெயர். தான் சொன்னது புனைவு என்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார். பவலின் சொந்தத் துறையே உரையின் வரைவைப் படித்து, எந்தெந்த வரி வலுவற்றது என்று குறித்துக் கொடுத்திருந்தது. சில வரிகளை எடுத்தார், சிலவற்றை விட்டுவைத்தார். பிற்காலத்தில் அந்த உரை தன் வாழ்வில் ஒரு கறை என்றார். ஒப்புக்கொண்டாரே என்று அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை.

உண்மையாகவே நம்பியவன் எப்படி நடந்துகொள்வான், சொல்லுங்கள். 2002 நவம்பர் 27 முதல் ஆய்வாளர்கள் ஈராக்கில் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்களைத் திறந்து பார்த்தார்கள். எதுவும் சிக்காத ஒவ்வொரு வாரமும் ‘ஐயமில்லை’ என்றவர்களை உறுத்தியிருக்க வேண்டும். மிச்ச வேலைக்கு ஆண்டுகள் வேண்டாம், மாதங்கள் போதும் என்று பிளிக்ஸ் மார்ச் 7 அன்று கேட்டார். பதின்மூன்றாம் நாள் குண்டு விழுந்தது. 2009 ஜூலைக்குள் குறைந்தது ஒன்றரை லட்சம் ஈராக்கியர் இறந்துபோனார்கள், பெரும்பாலானோர் பொதுமக்கள் என்று பிரிட்டனின் சில்காட் விசாரணை எழுதியிருக்கிறது.

அன்று இருந்த தகவலை வைத்து வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது என்பவர்களிடம் நான் ராபின் குக்கைத்தான் காட்டுவேன். பிளேர் அமைச்சரவையில் இருந்தவர், முன்னாள் வெளியுறவு அமைச்சர். 2003 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உளவுக் குழுவின் தலைவரே அவருக்கு நேரில் விளக்கம் தந்தார். கேட்டுவிட்டு வந்தவர் மார்ச் 17 அன்று பதவி விலகினார். பொதுவாக அந்தச் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் அநேகமாக இல்லை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற அவையில் எழுந்து நின்று சொன்னார். கைதட்டும் வழக்கமே இல்லாத அந்த அவையில் உறுப்பினர்கள் கைதட்டினார்கள். மறுநாள் வாக்கெடுப்பில் போருக்கு ஆதரவாக 412 பேர், எதிராக 149 பேர்.