நடந்தால் மூட்டு தேய்ந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 58. ஓராண்டுக்கும் மேலாக இரண்டு முழங்கால்களிலும் வலி இருக்கிறது. தொடைத் தசைகளும் சேர்ந்து வலிக்கின்றன. வலி மாத்திரை போட்டால் அன்றைக்குக் குறைகிறது, மறுநாள் திரும்பிவிடுகிறது. மூட்டு மேலும் தேய்ந்துவிடுமோ என்று பயந்து நடப்பதையே குறைத்துவிட்டேன். மூட்டில் ஊசி போட்டுக்கொண்டால் நிரந்தரமாகக் குணமாகும் என்கிறார்கள். எனக்கு ஏற்ற சிகிச்சை எது?

பதில்: வலியைவிட, நீங்கள் நடையைக் குறைத்துக்கொண்டதுதான் எனக்குக் கவலை தருகிறது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து ஓய்வெடுக்க எடுக்க அந்தத் தசை மெலிகிறது. அது சுமக்க வேண்டிய பாரமும் மூட்டின் மேல் விழுவதால் வலி கூடுகிறது. எனவே மூட்டுத் தேய்மானத்துக்கு முதன்மையான சிகிச்சை உடற்பயிற்சியே. அதைச் செய்ய முடியாதபடி வலி தடுக்கும்போது துணைக்கு வருவதுதான் மாத்திரை.

மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்றொரு காலை முட்டி மடங்காமல் ஓரடி உயரம் தூக்கி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை போதும். தொடக்கத்தில் வலி சற்றே கூடலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால் தொடருங்கள், அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும்: ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

இவையெல்லாம் தேய்மானம் என்று உறுதியான பிறகுதான். காலையில் எழும்போது மூட்டு இறுகியிருந்து அரை மணி நேரத்துக்குள் தளர்ந்தால் பெரும்பாலும் தேய்மானமே. இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைத் தாமதமின்றித் தொடங்காவிட்டால் மூட்டு சிதைந்துவிடும். தசை வலிக்குத் தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி பற்றாக்குறை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் ஸ்டேட்டினை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்.

மருந்தில், முழங்காலுக்கு முதலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணக் களிம்பைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதே வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிவாரணம் தரும், நிரந்தரமாகக் குணப்படுத்தாது. இவை எதற்கும் கட்டுப்படாமல் அன்றாட வாழ்வே முடங்கும் நிலையில்தான் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மூட்டு திடீரெனச் சிவந்து, வீங்கி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.