அபராதம் கட்டியவர்கள் மீதான வழக்கு எப்படித் தள்ளுபடியானது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்கிகள் பற்றிய கட்டுரையில் லைபார் மோசடியை, அதாவது வங்கிகள் கூடி ஒரு பொது வட்டி விகிதத்தைத் திருகியதை, ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பார்க்லேஸ் 29 கோடி பவுண்டும் யுபிஎஸ் 150 கோடி டாலரும் 2012இல் அபராதம் கட்டின. ஆனால் 2013 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றம் வங்கிகள் மீதான வழக்கைத் தள்ளிவிட்டது. தப்பு நடந்தது ஊருக்கே தெரிந்த பிறகும் தள்ளுபடி என்றால், பணக்காரனுக்குத் தனி நீதி என்பதைத் தவிர வேறென்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்தக் கேள்வி நீதிபதி நவோமி ரீஸ் புக்வால்டுக்கே வந்திருக்கிறது. இவ்வளவு அபராதம் கட்டியவர்கள் மீதான கோரிக்கைகளில் பெரும்பகுதியைத் தள்ளுவது எதிர்பாராததாகத் தோன்றலாம் என்று தன் 161 பக்கத் தீர்ப்பில் அவரே எழுதுகிறார். அரசு போடும் அபராதம் வேறு, தனியார் கேட்கும் இழப்பீடு வேறு என்பது அவர் நிலை. யூரோடாலர் ஃபியூச்சர்ஸ் (லைபாரை ஒட்டி விலை போகும் முன்பேர ஒப்பந்தம்) வியாபாரிகளின் கோரிக்கைகளில் ஒரு பகுதி அப்போதும் பிழைத்தது.

விஷயம் இதுதான். இன்று மற்ற வங்கிகளிடம் உங்களுக்கு என்ன வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்று 16 வங்கிகளை அப்போது தினமும் லண்டனில் கேட்டார்கள். மேலே நான்கு, கீழே நான்கு எண்களை நீக்கி, மிச்சம் எட்டின் சராசரிதான் டாலர் லைபாராக இருந்தது. பல ஒப்பந்தங்களின் வட்டி இதை ஒட்டித்தான் கணக்கிடப்பட்டது. வங்கிகள் கூடிப் பேசி அதைக் குறைத்துவிட்டன, அதனால் தங்களுக்கு வரவேண்டிய வட்டி குறைந்தது என்று பால்டிமோர் நகராட்சி போன்றவர்கள் வழக்குப் போட்டார்கள். தேர்ந்தெடுத்தது, போட்டியாளர்கள் கூடி விலை வைப்பதைத் தடுக்கும் போட்டிப் பாதுகாப்புச் சட்டத்தை. ஜெயித்தால் மூன்று மடங்கு இழப்பீடு அல்லவா!

அங்கேதான் சறுக்கியது. சாட்சியம் எதையும் விசாரிக்காத கட்டம் அது. வழக்குப் போட்டவர்கள் சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. லைபார் எண்ணைத் தருவது ஆரம்பம் முதலே கூட்டு வேலை, அதில் வங்கிகள் ஒன்றோடொன்று போட்டி போடவில்லை. ஆகவே அவர்கள் பொய்யால் நஷ்டப்பட்டிருக்கலாம், போட்டி கெட்டதால் அல்ல என்றார் நீதிபதி. வங்கிகள் யோக்கியமானவை என்று அவர் சொல்லவில்லை.

சாமர்த்தியமான வாதம். எனக்கு ஒப்பவில்லை. சந்தையில் எல்லா வியாபாரிகளும் பொதுவாக ஒரு தராசை வைத்து, சேர்ந்தே படிக்கல்லைத் தேய்த்தால், தராசு வைப்பதில் போட்டியே இல்லையே என்று விட்டுவிடுவோமா? எல்லாச் சரக்கும் அதில்தானே ஏறி இறங்குகிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2016 மே மாதம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. (மேல்முறையீட்டுக்கே உச்ச நீதிமன்றம் வரை போய் 2015இல் வழி வாங்க வேண்டியிருந்தது தனிக்கதை.) போட்டியாளர்கள் கூடி விலை வைப்பதாகச் சொன்னால் அது இந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது.

ஆனால் நீங்கள் கோபப்பட வேண்டிய வரி இருப்பது, பாதிக்கப்பட்டவர்களுக்குச் சாதகமான இந்தத் தீர்ப்பில்தான். லைபாரை ஒட்டிய ஒப்பந்தங்களில் நஷ்டப்பட்ட எல்லாருக்கும் மும்மடங்கு கொடுக்கச் சொன்னால், உலகின் முக்கியமான 16 நிதி நிறுவனங்கள் திவாலாகிவிடும் என்கிறது. யாரெல்லாம் வழக்குப் போடத் தகுந்தவர்கள் என்று பார்க்கச் சொல்லி கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. சின்னக் கடைக்காரன் கூட்டுச் சேர்ந்து விலை வைத்தால், அவன் திவாலாவதைப் பற்றி யார் இவ்வளவு யோசிக்கிறார்கள்?

அப்புறம் நடந்தது வழக்கமானதுதான். பார்க்லேஸ், சிட்டி, டாய்ச்ச, எச்எஸ்பிசி நான்கும், லைபாருக்கு எண் தந்த வங்கிகளோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மொத்தம் 59 கோடி டாலர் தர சமரசம் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தங்களை இடையில் வேறு யாரிடமாவது வாங்கியவர்களுக்கு அதில் பங்கில்லை.