குட்டும் ஃபூட்டும் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு மலருக்காகப் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதினாள். "மை கிராண்ட்மா இஸ் கைண்ட் அண்ட் குட்" என்று ஓர் அடி, "ஷி மேக்ஸ் மீ வெரி டேஸ்டி ஃபுட்" என்று அடுத்த அடி. ஆசிரியை கடைசிச் சொல் இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'ரைம் ஆகவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார். இரண்டிலும் கடைசி மூன்று எழுத்தும் ஒன்றுதானே? எங்கே தப்பு? குட் என்ற சொல்லுக்கு ரைம் ஆகும் சொற்களை நாங்களாகவே எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: ஆசிரியை வட்டமிட்டது சரிதான். ஆனால் வட்டத்தோடு நிறுத்திவிட்டாரே என்பதுதான் எனக்கு வருத்தம். பாட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றிய பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் புரிந்துவிடக்கூடிய விஷயம் இது.

தப்பு எங்கே என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. உணவைக் குறிக்கும் சொல்லை 'ஃபுட்' என்று குறிலில் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளிலும் 'ஃபுட் கோர்ட்', 'ஃபுட்ஸ்' என்றுதான் பார்க்கிறோம், பேச்சிலும் 'ஃபுட்டு' என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் ஓசை நெடில்: ஃபூட். 'மூன்' என்று நிலாவைச் சொல்லும்போது வரும் அதே ஊ. குட் என்பதில் வருவதோ குறில். 'குடம்', 'கூடம்' என்று இரண்டு சொல்லையும் மகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதே வித்தியாசம்தான்.

தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். எதுகைக்கு என்ன விதி? முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும், இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். பட்டு என்றால் கட்டு எதுகை, தட்டு எதுகை. பாட்டு எதுகை ஆகாது, ஏனென்றால் அங்கே முதல் எழுத்து நெடிலாகிவிட்டது. இந்தக் காதை அப்படியே ஆங்கிலச் சொல்லின் கடைசிக்குக் கொண்டுபோனால் அதுதான் ரைம். அழுத்தம் விழும் கடைசி உயிரோசையிலிருந்து சொல் முடியும் வரை எல்லாம் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் நிற்கும் மெய் மட்டும் மாற வேண்டும். எழுத்தைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தைகூட இல்லை.

எழுத்தை நம்பினால் குட்டுக்கு எவ்வளவு ஏமாற்றம் காத்திருக்கிறது பாருங்கள். இரண்டு ஓ, ஒரு டி என்று முடியும் ஓரசைச் சொற்கள் ஆங்கிலத்தில் மூன்று கூட்டமாகப் பிரிந்து கிடக்கின்றன. குட், வுட், ஹுட், ஸ்டுட் ஆகியவை குறில். ஃபூட், மூட், ப்ரூட் ஆகியவை நெடில். இரத்தமும் வெள்ளமும் இரண்டிலும் சேராமல் ப்ளட், ஃப்ளட் என்று அகர ஓசைக்குப் போய்விட்டன. காரணம் வரலாறு. சுமார் 600 வருடத்துக்கு முன்னால் இவை எல்லாவற்றிலும் ஒரே நீண்ட ஓகாரம்தான் ஒலித்தது, அதனால்தான் இரண்டு ஓ போட்டு எழுதினார்கள். பிறகு ஆங்கிலத்தின் நெடில்கள் இடம் மாறியபோது அந்த ஓகாரம் ஊகாரமாயிற்று. சில சொற்களில் அது சீக்கிரமே குறுகி, பின்னர் அகரம் போல ஆனது. அவை ப்ளட், ஃப்ளட். சில சொற்களில் தாமதமாகக் குறுகி உகரமாகவே நின்றது. அவை குட், ஸ்டுட். சில குறுகவே இல்லை. ஓசை இத்தனை தூரம் போன பிறகும் எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளில், அதாவது பதினான்கு அடிக் கவிதைகளில், 109-ஆவதில் ப்ளட், குட் இரண்டும் ரைமாக வருகின்றன. உங்கள் மகள் பெரிய வகுப்பில் அதைப் படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இனி தேடும் வழி. குட்டின் முதல் மெய்யை எடுத்துவிட்டு 'உட்' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் ஒவ்வொரு மெய்யாக வைத்து, பிறகு ஸ்ட, ப்ர, க்ல போன்ற கூட்டு மெய்களையும் வைத்து, உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் எந்தச் சொல்லும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் நிறுத்தி எழுதிக்கொள்ளட்டும். எழுதுவதைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'செய்ய வேண்டும்' என்ற பொருளில் வரும் ஷுட், 'செய்திருப்பேன்' என்பதில் வரும் வுட், 'முடிந்தது' என்ற பொருளில் வரும் குட் ஆகிய மூன்றும் நல்லதைச் சொல்லும் குட்டுக்கு உறவு என்றே தோன்றாது. நடுவில் ஓ, யூ, எல் என்று என்னென்னவோ எழுத்துகள் நிற்கின்றன. அந்த எல் ஒலிப்பதே இல்லை. மூன்றாவதாகச் சொன்ன குட்டில் எல் முதலில் கிடையவே கிடையாது, மற்ற இரண்டைப் பார்த்து அதற்கும் ஒட்டவைத்தார்கள். தமிழில் எழுதிய உடனே ஷுட், வுட், குட் என்று மூன்றும் வரிசையில் வந்து நின்றுவிடும்.

தமிழ் எழுத்துக்கு இதில் இரண்டு குறை உண்டு, இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் குறை, கடைசி மெய்யில். பாதத்தைக் குறிக்கும் சொல்லும் ஃபுட், குறில்தான். தமிழில் எழுதினால் குட்டோடு சேர்ந்துவிடும், ஆனால் ரைம் ஆகாது. வைப்பதைச் சொல்லும் புட் என்பதும் ஆகாது. 'பட்டம்' என்பதில் வரும் டகரமும் 'பண்டம்' என்பதில் வரும் டகரமும் ஒரே ஓசையா? இல்லை. பாதம் பட்டத்தின் டகரத்தில் முடிகிறது, குட் பண்டத்தின் டகரத்தில் முடிகிறது. மகளின் தொண்டையில் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். குட்டில் அதிர்வு கடைசிவரை வரும், குரலும் ஒரு கணம் கூடுதலாகத் தங்கும். பாதத்தில் வெட்டிவிட்டது போல நின்றுவிடும். 'குட்டு', 'ஃபுட்டு' என்று கடைசியில் ஓர் உகரம் சேர்த்துச் சொல்வது நமக்குப் பழக்கம். இந்தச் சோதனையின்போது மட்டும் அதை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வித்தியாசம் கைக்குத் தெரியாது.

இரண்டாம் குறை, முதல் மெய்யில். நல்லதும் 'முடிந்தது' என்பதும் தமிழில் இரண்டுமே 'குட்'. ஒரே சொல்லை இரண்டு முறை போட்டது போலத் தெரியும். ஆனால் ஒன்றில் 'தங்கம்' என்பதன் ககரம், மற்றதில் 'பக்கம்' என்பதன் ககரம். மெய் வேறு, மற்றதெல்லாம் ஒன்று, ஆகவே மிக நல்ல ரைம். இதற்கு நேர்மாறாக, விறகுக் கட்டை என்ற வுட்டும் 'செய்திருப்பேன்' என்பதில் வரும் வுட்டும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஓசை நூற்றுக்கு நூறு ஒன்று. முதல் மெய்கூட மாறவில்லை. அவற்றை ஒன்றுக்கொன்று ரைமாக வைத்தால் காதுக்கு ஒரே சொல் திரும்ப வந்தது போல இருக்கும், ஆசிரியை மறுபடி வட்டமிடுவார்.

நீளமான சொற்களில் அழுத்தத்தைப் பாருங்கள். அண்டர்ஸ்டுட் என்பதில் அழுத்தம் கடைசியில் விழுகிறது, குட்டுக்கு அது முழு ரைம். சைல்ட்ஹுட், நெய்பர்ஹுட் போன்றவற்றில் அழுத்தம் முன்னாலேயே விழுந்துவிடுவதால் கடைசி 'ஹுட்' மெலிந்து ஒலிக்கும். வேறு வழியில்லாதபோது வைத்துக்கொள்ளலாம், முதல் தேர்வாக வேண்டாம். ப்யூட்டிஃபுல் என்று ஓர் அடியை முடித்துவிட்டுப் பிள்ளைகள் திணறுவதும் இதனால்தான். அதில் அழுத்தம் முதல் அசையிலேயே இருப்பதால் மூன்று அசையும் ஒத்து வர வேண்டியிருக்கிறது. ட்யூட்டிஃபுல் என்ற ஒன்றைத் தவிர எனக்கு எதுவும் அகப்பட்டதில்லை. ஹேப்பிக்கு இரண்டு அசை, ஸ்னாப்பி, ஸ்க்ராப்பி என்று சில உண்டு.

இணையத்தில் தேடுவதாக இருந்தால் ரைம்ஸோன் என்ற தளம் போதும். சொல்லைக் கொடுத்தால் அசைக் கணக்கில் பிரித்துப் பட்டியல் தரும். ஆனால் அது அமெரிக்க உச்சரிப்பை வைத்துச் சொல்வது. பள்ளியில் சொல்லித்தரும் உச்சரிப்போடு சில சொற்கள் ஒத்துப்போகாது, எனவே அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அமுக்கிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அகராதியின் உச்சரிப்புக் குறியிலும் பார்க்கலாம்: குறில் உகரத்துக்கு மேல்பக்கம் திறந்த லாடம் போல ஒரு குறி, நெடிலுக்கு யூ எழுத்தும் பக்கத்தில் இரண்டு புள்ளியும். பட்டியலைத் தேடுவது, குழந்தை வாயால் ஒரு முறை தேடி முடித்த பிறகு நடக்கட்டும். கையில் பட்டியல் வந்துவிட்டால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும்.

உங்கள் மகளின் அடிகளுக்கு வருகிறேன். உணவு வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால் குட்டை அடியின் நடுவுக்குத் தள்ளிவிட்டு, 'மனநிலை' என்ற மூட்டில் முதல் அடியை முடிக்கலாம். குட் வேண்டும் என்றால் மேலே சேர்ந்த பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். நீங்கள் எழுதியிருந்த கடிதத்தின் கடைசியில், பாட்டி இன்னும் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு மூட்டித்தான் சோறு வடிக்கிறார், கேஸ் அடுப்புப் பக்கம் போவதில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அதை மகள் கவிதையில் எழுதவில்லை. எழுதலாமே:

"மை கிராண்ட்மா இஸ் கைண்ட் அண்ட் குட்,
ஷி குக்ஸ் த ரைஸ் ஆன் எ ஃபயர் ஆஃப் வுட்."