‘அட் தி வீக்கெண்ட்’, ‘ஆன் தி வீக்கெண்ட்’: எது சரி?

இரண்டும் சரிதான். முன்னது பிரிட்டன் வழக்கு, பின்னது அமெரிக்க வழக்கு. இலக்கணத்துக்கு மார்க் வாங்கிப் பழகிய நமக்கு இந்தப் பதில் எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது.

லண்டனில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு நியூயார்க் போனேன். முதல் வாரம், ஒரு சாண்ட்விச் கடையில் போனை நோண்டியபடி நின்றிருந்தேன். பின்னால் வந்த பெரியம்மா ஒருவர் ‘ஆர் யூ ஆன் லைன்?’ என்றார். ‘இல்லைங்க, சும்மா பழைய போட்டோ பார்க்கிறேன்’ என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார். வரிசையில் நிற்பதை அமெரிக்காவில் பொதுவாக ‘இன் லைன்’ என்பார்கள். நியூயார்க்காரர்கள் பலருக்கு அது ‘ஆன் லைன்’. லண்டனில் ‘க்யூ’ என்றால் தீர்ந்தது.

அது சிரிப்போடு போயிற்று, லீவ் மெயில் அப்படிப் போகவில்லை. ‘12 டு 14 லீவ்’ என்று எழுதியிருந்தேன். 14 காலை மேனேஜரிடமிருந்து போன்: மீட்டிங்குக்கு ஆளைக் காணோமே? ‘த்ரூ 14’ என்று எழுதியிருந்தால் அந்த நாளும் சேர்த்தி என்று புரிந்திருக்கும். வெறும் ‘டு’ என்றால் கடைசி நாள் உண்டா இல்லையா என்பது படிக்கிறவர் பாடு. பிரிட்டனில் சந்தேகம் வரும் இடத்தில் ‘இன்க்ளூசிவ்’ என்று ஒட்டிவிடுவார்கள்.

நம்மைக் குழப்புவது நம்முடைய ‘இல்’. மேசையில், பஸ்ஸில், சென்னையில், காலையில் என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஆங்கிலத்தில் பஸ், ரயில், விமானம் மாதிரி எழுந்து நடக்க இடமுள்ளதற்கு ‘ஆன்’. குனிந்து ஏறி உட்காரும் கார், டாக்ஸிக்கு ‘இன்’. இந்தக் கணக்கு பெரும்பாலும் கைகொடுக்கும். சைக்கிளுக்கு ஏன் ‘ஆன்’ என்று கேட்டு மடக்காதீர்கள்.

விண்ணப்பப் படிவத்தை பிரிட்டனில் ‘ஃபில் இன்’ செய்வார்கள், அமெரிக்காவில் ‘ஃபில் அவுட்’. ‘டிஃபரண்ட்’ பின்னால் ‘ஃப்ரம்’ போட்டால் இரு பக்கமும் செல்லும். ‘டு’ போட்டால் அமெரிக்கர் நெற்றி சுருங்கும். ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் எங்கேயும் செல்லாது. அது நம் ‘பற்றி’யை நாமே கொண்டுபோய் ஒட்டியது.

மெயில் யாருக்குப் போகிறதோ அவர் ஊர் வழக்கில் எழுதுங்கள். லீவ் மெயிலில் மட்டும் நான் எந்த ஊர் வழக்கையும் நம்புவதில்லை. ‘12, 13, 14 லீவ். 15 காலை வந்துவிடுவேன்.’