குட்டி ஆமைக்குக் கழிச்சல்: முதலில் தீனியைப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் ஏழு மாதமான சுல்காட்டா தரை ஆமைக் குட்டி ஒன்று இருக்கிறது. வெள்ளரிக்காய், தக்காளி, லெட்டூஸ், வாழைப்பழம் எல்லாம் விரும்பித் தின்னும். பத்து நாளாகக் கெட்ட வாடையோடு தண்ணீராகக் கழிகிறது. தின்ற துண்டுகள் அப்படியே வெளியே வருகின்றன. சுறுசுறுப்பு மட்டும் குறையவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் விழும் இடத்தில்தான் தொட்டி இருக்கிறது. ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தில் ஒரு சொட்டு கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆடு மாடுகளுக்குச் சகஜமாகப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஆமைகளுக்கு விஷம். உடல் துவண்டு, மூச்சு நின்று செத்துப்போகும். ஒரு சொட்டுதானே என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குத் தீனியின் மேல்தான் முதல் சந்தேகம். மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் வேலை, ஆமைக்குப் பெருங்குடலில் நடக்கிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிரிகள்தான் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அவற்றுக்கு நார்தான் சாப்பாடு. அந்த இடத்தில் வாழைப்பழமும் தக்காளியும் போய்ச் சேர்ந்தால், சர்க்கரையில் வளரும் வேறு கிருமிகள் பெருகிவிடும். வாயு, வாடை, கழிச்சல் எல்லாம் அதனால் வருபவை. வெள்ளரிக்காயோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். குட்டி ஆசையாகத் தின்கிறது என்பதால் அது ஏற்ற தீனி ஆகிவிடாது. செங்கால் ஆமை போல அடர்ந்த காட்டில் வாழும் ஆமைகள் பழம் தின்னும்; அதைக் கேட்டுத்தான் பலர் சுல்காட்டாவுக்கும் பழம் போடுகிறார்கள். சுல்காட்டாவோ வறண்ட புல்வெளியில் மேயும் பிராணி.

பழத்தையும் தக்காளியையும் இன்றே நிறுத்துங்கள். மருந்து தெளிக்காத இடத்துப் புல்லை அரை விரல்கடை நீளத்துக்குப் பொடியாக நறுக்கி, செம்பருத்தி இலை, மல்பெரி இலையோடு பிசறி, லேசாகத் தண்ணீர் தெளித்து வையுங்கள். ஓரிரு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காக மனமிரங்கிப் பழத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். லெட்டூஸை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் புல்லே முக்கால் பங்கு ஆகும்படி செய்யுங்கள். பசலை வகைக் கீரைகளை வழக்கமாக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வளரும் ஓட்டுக்கு அந்தச் சத்து மிகவும் தேவை. கணவாய் ஓட்டைச் சுரண்டித் தூவலாம். நாய், பூனைத் தீனி அறவே கூடாது.

அடுத்து, சூடு. ஆமைக்குச் சொந்த உடற்சூடு கிடையாது, வெளிச்சூட்டில்தான் குடல் வேலை செய்யும். தின்ற துண்டு அப்படியே வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தொட்டியின் ஒரு மூலையில் விளக்கின் கீழ் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், மறுமூலையில் 27 டிகிரி போதும். தெர்மாமீட்டர் வைத்தே அளந்து பாருங்கள், கை வைத்துப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் கண்ணாடி, சுண்ணாம்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும் புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். ஆகவே அந்தக் கதிரைத் தரும் யுவிபி விளக்கு வேண்டும், அல்லது நிழலும் உள்ள இடத்தில் நேர் வெயிலில் விட வேண்டும்.

கழிச்சலில் நீர் வற்றும் என்பதால் தினமும் 15 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். அடி ஓடும் முதுகு ஓடும் சேரும் கோடு வரை தண்ணீர் போதும், தலை எப்போதும் மேலே இருக்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே மலம் கழிக்கும், அதைக் கவனியுங்கள். கரும்பச்சையாக, உருண்டு, உடைத்தால் வைக்கோல் துணுக்கு போல நார் தெரிந்தால் குடல் தேறிவிட்டது என்று அர்த்தம். கூடவே வரும் வெள்ளைப் பொருள் கெட்டித் தயிர் போல இருந்தால் சரி. மணல் மாதிரி நெருநெருத்தால் தண்ணீர் போதவில்லை.

ஒரு வாரத்தில் மலம் கெட்டிப்படவில்லை என்றாலோ, அதற்கு முன்பே தீனியை மறுத்தாலோ, எடை குறைந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம், அன்றைய மலத்தைக் காயாமல் மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள். புழுவா, வேறு ஒட்டுண்ணியா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, எடைக்குத் தக்க மருந்தை அவரே கொடுப்பார்.