செயின்ட் லூயிஸில் இறந்தது எது?

கேள்வி: பின்நவீனத்துவம் என்றால் என்ன? முந்தைய சிந்தனைகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது? நவீனத்துவம் எப்போது முடிந்தது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: "எப்போது முடிந்தது" என்று கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். இதற்கு நாளும் மணியும் நிமிடமும் குறித்துக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். கட்டடக்கலை விமர்சகர் சார்லஸ் ஜெங்க்ஸ், 1977இல் வெளிவந்த நூலில், நவீனக் கட்டடக்கலை 1972 ஜூலை 15 பிற்பகல் 3.32 மணிக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இறந்தது என்று அறிவித்தார். ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத்தான் அப்படிச் சொன்னார். அறிமுகக் கட்டுரைகள் பலவும் இன்றுவரை இதையே திருப்பிச் சொல்கின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அங்கே 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. வரைந்தவர் மினோரு யமசாகி. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களும் அவர் வரைந்தவைதான். லிஃப்ட் எல்லா மாடிகளிலும் நிற்காது, சிக்கனம். பராமரிப்புச் செலவுக்குக் குடியிருப்பவர்களின் வாடகையையே நம்ப வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள், வேலைகளும் போயின. வீடுகள் காலியாயின, வாடகை வரவில்லை, உடைந்த குழாயை மாற்றப் பணமில்லை. எஞ்சியவர்கள் பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். 1969இல் அவர்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். இடிப்பும் ஜூலையில் அல்ல, மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. இத்தனையையும் ஒதுக்கிவிட்டு, பகுத்தறிவால் எல்லோருக்கும் நல்ல வாழ்க்கையைக் கட்டிவிடலாம் என்ற நவீனத்துவக் கனவு அன்று சரிந்தது என்று எழுதுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம்.

இனி உங்கள் முதல் கேள்வி. 1979இல் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார், கனடாவின் கியூபெக் அரசுக் குழு ஒன்று கேட்டதற்காக அறிவின் இன்றைய நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பெருங்கதையாடல்களின் மீது, அதாவது மனித வரலாறு முழுவதையும் விளக்கிவிடும் பெரிய கதைகளின் மீது, நம்பிக்கை இல்லாமல் போனதுதான் பின்நவீன நிலை என்றார். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலத்தவர்கள், பகுத்தறிவின் துணையோடு மனிதகுலம் விடுதலையை நோக்கி நடக்கிறது என்றார்கள். ஜெர்மன் தத்துவவாதி ஹெகல், வரலாற்றின் வழியே பேரான்மா (உலகை இயக்கும் பொது மனம்) தன்னை அறிந்துகொள்கிறது என்றார். மார்க்ஸியர்கள் அந்த இடத்தில் வர்க்கப் போராட்டத்தை வைத்தார்கள். தங்களுக்குள் எவ்வளவு மோதினாலும், எல்லோருடைய கதையையும் அடக்கும் ஒரு கதை உண்டு என்பதில் இவர்களுக்குள் சண்டையே இல்லை. லியோதார் கைவைத்தது அங்கேதான். காலனிய அல்ஜீரியாவில் ஆசிரியராக இருந்தவர், இடதுசாரிக் குழுவில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். நம்பிப் பாடுபட்டு விலகிய ஒருவரின் சந்தேகம் என்பதால் அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

உண்மை என்றே ஒன்று கிடையாது, எல்லாம் பிரதிதான், வெறும் எழுத்தும் வாசிப்பும்தான் என்று அவர் சொல்லவில்லை. 1990களில் நம் சிற்றிதழ்களில் அப்படிச் சுருக்கி எழுதியவர்களோடு அன்றே சண்டையிட்டேன். இன்றும் விடுவதாக இல்லை. அதே காலத்தில் 'நிறப்பிரிகை' போன்ற இதழ்கள் அந்தச் சந்தேகத்தைச் சாதி பற்றியும் தேசியம் பற்றியும் எழுப்பின. அதுதான் உருப்படியான வேலை. லியோதாரைப் புரிந்துகொண்டவர், ஜெங்க்ஸின் 3.32 மணிக் கதையையும் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குடியிருப்பின் வாடகைக் கணக்கைக் கேட்க வேண்டும்.

அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் நம்மவர்கள் பேசுவதே இல்லை. கணினியுகத்தில் அறிவு விற்பனைச் சரக்காகும் என்று எச்சரித்தவர், தரவு வங்கிகளைப் பொதுமக்களுக்குத் தடையின்றித் திறந்துவிடுங்கள் என்று கேட்டு முடிக்கிறார். மக்கள் வரிப்பணத்தில் எழுதப்பட்ட பழைய தமிழ் ஆய்வேடுகள் எத்தனையோ நூலக அலமாரிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. படி எடுக்கக்கூட அனுமதி தராத நூலகங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றைத் திறக்கச் சொல்லி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாகிவிட்டது. அடுத்த இதழிலும் எழுதுவேன்.