பெட்டைச் சின்சில்லா சினையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாட்டை விட்டுப் போன ஒரு குடும்பம் கைவிட்ட மூன்று சின்சில்லாக்களை (அடர்ந்த ரோமமுள்ள சிறிய கொறிவிலங்கு) பத்து நாளைக்கு முன் பொறுப்பெடுத்தோம். ஒரு கடுவன், இரண்டு பெட்டை என்று சொன்னார்கள். அங்கே மூன்றும் ஒரே கூட்டில் இருந்தன, இங்கேயும் அப்படித்தான். ஒரு பெட்டை மட்டும் பருத்துக்கொண்டே போகிறது. சினையா, கொழுப்பா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: அதை ஆராய்வதற்கு முன், இன்றைக்கே கடுவனை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். குட்டி போட்ட சில மணித்தியாலங்களிலேயே பெட்டை மறுபடி சினைப்படக்கூடியது. கடுவன் குட்டிகளைக் கடிக்குமோ என்ற பயத்தில் இதைச் சொல்லவில்லை. பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையைச் சுமக்கிற தாய் உருக்குலைந்துவிடும்.

சொல்லித் தந்த பாலினத்தையும் நம்பிவிடாதீர்கள். பெட்டையின் சிறுநீர்க் குழாய் முனை கூம்பாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பலர் அதைக் கடுவன் என்று எண்ணிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இடைவெளியை. கூம்புக்கும் மலவாசலுக்கும் நடுவே வெறும் தோல் தெளிவாகத் தெரிந்தால் கடுவன். இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தால் பெட்டை. ஒருவர் நெஞ்சையும் பின்பக்கத்தையும் தாங்கிப் பிடிக்க, மற்றவர் பார்க்கட்டும். ரோமத்தைப் பற்றி இழுத்தால் கொத்தாகக் கழன்று கையோடு வந்துவிடும்.

கடுவனைப் பிரித்த திகதியைக் கலண்டரில் குறியுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 111 நாள். ஆகவே அந்தத் திகதியிலிருந்து 120 நாள் வரை, மெலிந்த பெட்டை உட்பட இரண்டையும் சினை என்றே வைத்துப் பராமரியுங்கள். கிராம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசில் கிழமைக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். நிறை ஏறி இறங்கினால் பெரும்பாலும் தீனியின் கணக்கு. கிழமைக்குக் கிழமை விடாமல் ஏறினால் சினை என்று சந்தேகிக்கலாம். முதல் இரண்டு மாதம் ஏற்றம் சிறிது, பிறகுதான் வேகம் பிடிக்கும். அந்தக் கட்டத்தில் முலைக்காம்புகள் சிவந்து நீளும். வயிற்றை நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம், கரு கலையலாம். மிருக வைத்தியர் ஸ்கேன் எடுத்துச் சொல்வார். அங்கே கொண்டுபோவது காலையில், ஏசி உள்ள வாகனத்தில் இருக்கட்டும். நண்பகல் ஓட்டோப் பயணமே அதைக் கொன்றுவிடும்.

கேள்வி: சின்சில்லா இருக்கும் அறையில் ஏசியை இரவில் மட்டும் போட்டால் போதாதா? மின்கட்டணம் தாங்க முடியவில்லை. (தெஹிவளை வாசகர்)

பதில்: போதாது. இதில் சலுகைக்கு இடமில்லை. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையின் உலர்ந்த குளிருக்குப் பிறந்த உயிர் இது. ஒரே மயிர்க்காலில் 50க்கும் மேற்பட்ட ரோமங்கள் முளைக்கும். அறை 18 முதல் 21 பாகைக்குள் இருக்க வேண்டும். 25ஐத் தாண்டினால் ஆபத்து, சினைப் பெட்டைக்கு இன்னும் ஆபத்து. கொழும்பில் பகல் 30ஐ ஒட்டி நிற்கும், இரவும் ஆறாது. இதற்கு வியர்க்காது என்பதால் மின்விசிறி சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். வீடு முழுவதும் வேண்டாம். ஒரு சிறிய அறையை ஒதுக்கி, கதவிடுக்கை அடைத்து, தடித்த திரை போட்டால் கட்டணம் ஓரளவு குறையும். ஈரப்பதனும் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். கூட்டின் உயரத்திலேயே அளவுமானியைத் தொங்கவிடுங்கள். ஈரக் காற்றில் ரோமம் சடைபிடித்துப் பூஞ்சணம் வரும்.

கரண்ட் போகும் நாளுக்கு, உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்கள் நாலைந்தும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மாபிள் துண்டொன்றும் எப்போதும் தயாராக இருக்கட்டும். போத்தலைத் துவாயில் சுற்றிக் கூட்டில் வையுங்கள், மாபிளை அது படுக்க வையுங்கள். காது செக்கச் சிவந்து, பக்கவாட்டில் சரிந்து, வாயில் எச்சில் வடிந்தால் வெப்பத்தாக்கு. ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே உயிரை எடுக்கும். குளிர்ந்த ஈரத்துணியால் காதை ஒற்றியபடி வைத்தியரிடம் விரையுங்கள்.

கேள்வி: சினைப் பெட்டைக்கு விசேஷமாக என்ன கொடுக்கலாம்? கூட்டில் என்ன மாற்றம் வேண்டும்? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: திமோதி என்ற புல்வகையின் உலர்புல் எந்நேரமும் நிறைந்திருக்க, நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி சின்சில்லா பெலட் (குச்சியாக அழுத்திய தீனி). சுண்ணாம்புச் சத்துக்காக ஒரு சிறு பிடி அல்பல்பா (குதிரை மசால்) உலர்புல், அதையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். திடீர் மாற்றம் வயிற்றை ஊதவைக்கும், இதற்கு வாந்தி எடுக்க முடியாது. கச்சான், உலர்ந்த முந்திரிகை, பப்பாசி, பச்சைப்புல் எதுவும் வேண்டாம். உலர்புல்லை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல், துணிப்பையில் ஏசி அறையிலேயே வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், சினைப் பெட்டைக்கு அந்தப் பூஞ்சணம் விஷம். பெட்டை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நாள் நெருங்க ஒரே தளமுள்ள கூட்டுக்கு மாற்றுங்கள். கம்பி இடைவெளி 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் குட்டி நழுவி வெளியே போய்விடும். தரையில் கம்பி இருந்தால் பலகையால் மூடுங்கள், ஏறி உட்காரும் தட்டுகள் 15 செ.மீ. உயரத்துக்குள் போதும். குட்டி போட்டதும் தூள்குளியலை (ரோமத்தைச் சுத்தமாக்க அது புரளும் தூள் பாத்திரம்) எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்துத் திரும்ப வையுங்கள். தூள் புண்ணில் பட்டுத் தொற்று வரலாம்.

பெரும்பாலும் விடியற்காலையில், ஒன்று முதல் மூன்று குட்டி. கண் திறந்து, ரோமமும் பல்லுமாகப் பிறக்கும், 30 முதல் 60 கிராம். தாயின் மூக்கில் இரத்தம் கண்டு பதறாதீர்கள், நஞ்சுக்கொடியை அதுவே தின்னும். இரண்டு மூன்று மணித்தியாலம் முக்கியும் குட்டி வரவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது என்றால் இழுக்காமல் வைத்தியரிடம் போங்கள். ஏசிக் குளிரில் ஈரமாகக் கிடக்கும் குட்டி விறைத்துவிடும். துவாயால் தேய்த்து உலர்த்தி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணி சுற்றி ஒரு மூலையில் மட்டும் வையுங்கள், தாய் மற்றப் பக்கம் ஒதுங்கலாம். குட்டிகளை நாளும் நிறுத்துப் பாருங்கள். முதல் நாள் சிறிது குறையலாம், இரண்டாம் நாளும் குறைந்தால் தாயிடம் பால் போதவில்லை. அப்போது பூனைக்குட்டிப் பால்மாவையோ ஆட்டுப்பாலையோ இளஞ்சூட்டில், இரண்டு மூன்று மணிக்கொரு தரம், துளிக்குழாயால் துளித்துளியாகக் கொடுங்கள். குட்டி நிமிர்ந்திருக்க வேண்டும். மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போகும். எட்டாவது கிழமையில் கடுவன் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுங்கள்.

கேள்வி: குட்டி போட்டபின் புண் இருந்தால், வீட்டிலுள்ள அமொக்சிசிலின் சிரப் கொடுக்கலாமா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: ஒரு துளிகூட வேண்டாம். பென்சிலின் குடும்ப மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல பக்டீரியாக்கள் அழிந்து, சில நாளில் வயிற்றோட்டத்தில் சாகும். வைத்தியரே எழுதித் தந்தாலும், இது சின்சில்லாவுக்கு என்பதை மறுபடி நினைவூட்டிக் கேளுங்கள்.